ரெஃப்ரெஷ் சித்தப்பா

பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார் சித்தப்பா. சித்திக்கு முழங்கால் வலி, அதனால் தனியாக. மஞ்சள் பையை நாற்காலியடியில் வைத்தவர் கண்ணில் என் லேப்டாப் பட்டது.

"உள்ள குப்பை சேந்திருக்குடா" என்றார், மூடியைத் திறக்காமலே.

அவர் நாடி பிடிக்கும் விதமே தனி. வலது கிளிக், ரெஃப்ரெஷ். மறுபடி வலது கிளிக், ரெஃப்ரெஷ். ஏழெட்டுத் தடவை. ஐகான்கள் ஒவ்வொரு தடவையும் கண்ணைச் சிமிட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே இருக்கும். அது திரையில் உள்ளதை மறுபடி வரைந்து காட்டுவதோடு சரி. வேகத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சொல்லிப் பார்த்தேன். "மெஷினும் மூச்சு விடணும்ல?" என்றார்.

அடுத்து ரன் பெட்டி. டெம்ப் என்று தட்டி அதிலுள்ளதை அழித்தார். அதுகூடப் பரவாயில்லை. ப்ரீஃபெட்ச் என்று தட்டி அதையும் அழித்தார். செயலிகளைச் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகள் அவை. வேகம் வேண்டும் என்று வேகத்துக்கான குறிப்பைக் கிழித்துப் போடுகிறவரை என்ன செய்ய?

அப்புறம் எம்எஸ்கான்ஃபிக். அதில் எத்தனை பிராசஸர் என்று ஒரு கட்டம் உண்டு. டிக் அடித்து 8 என்று வைத்தார். "இத்தனை நாளா ஒண்ணுதான்டா வேலை பாத்திருக்கு. மத்த ஏழும் சும்மா உக்காந்திருக்கு." விண்டோஸ் எப்போதுமே எட்டையும்தான் ஓட்டுகிறது, எண்ணிக்கையைக் குறைத்துச் சோதிக்க வைத்த கட்டம் அது. ஆனால் சித்தப்பா முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் இருந்தவர். எட்டுப் பேரில் ஒருத்தர்தான் வேலை பார்ப்பார் என்பதற்கு அவருக்குத் தனியாக ஆதாரம் வேண்டுமா?

அவர் மேல் பழி மட்டும் போடக் கூடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூட எழுந்துகொள்ளும் செயலிகளைக் காட்டினார். பதினான்கு. போன வருஷம் பழைய இரும்புக்காரரிடம் போட்ட பிரின்டரின் செயலிகூடத் தினமும் காலையில் வந்து உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டை அணைத்தார், உண்மையிலேயே வித்தியாசம் தெரிந்தது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடச் சொன்னவரும் அவர்தான். மூன்று நிமிஷம் முக்கிக்கொண்டிருந்தது அரை நிமிஷத்தில் எழுந்தது. புகழை மட்டும் ரெஃப்ரெஷுக்குக் கொடுத்துவிட்டார்.

அத்தோடு காபியைக் குடித்துக் கிளம்பியிருக்கலாம்.

"இன்னும் விண்டோஸ் பத்தா? 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சுடா!" துக்கச் செய்தி மாதிரிச் சொன்னார்.

"பதினொண்ணு இதுல ஏறாது சித்தப்பா. டிபிஎம் 2.0 கேக்குது. பிராசஸரும் பழசு."

"வாசல்ல விடலைன்னா கொல்லைப்புறமா போறோம்." சாவிக்கொத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய பென் டிரைவைக் கழற்றினார். ரூஃபஸ் என்ற செயலியால், அந்தக் கெடுபிடிகளை நீக்கித் தயாரித்தது.

"ஃபைலெல்லாம்?"

"டி டிரைவ்லதான இருக்கு? ஒண்ணும் ஆகாது."

கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாமினி எழுத்துரு, அவர் துடைத்துவிட்டுப் பதினொன்றை ஏற்றிய சி டிரைவில் இருந்தது. யூனிகோடுக்கு முன்னால் பாமினியில் நான் தட்டிய கதைகளைத் திறந்தால், வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. எழுத்துரு போனதும் அது தன் சொந்த முகத்தைக் காட்டிவிட்டது. சித்தப்பா எட்டிப் பார்த்தார். ஒரு ரெஃப்ரெஷ் கொடுத்தார்.

அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறேன். எட்டு விநாடியில் எழும். "பாத்தியா?" என்பார். உடனே அணைத்துவிட்டு, சித்தி பூ வேலை செய்த துணியால் மூடிவிடுவார். சும்மா ஓடினால் சூடாகுமாம். கரன்ட் பில்லை ஈபி ஆபீஸில் வரிசையில் நின்று கட்டுகிறார்.

ராத்திரி சித்தி போனில்.

"பத்திரிகை வச்சாராப்பா?"

நாற்காலியடியில் பார்த்தேன். மஞ்சள் பை அவரோடேயே போயிருந்தது.

"வந்தார் சித்தி."

"தேதியாவது சொன்னாரா?"

"சொன்னார். அக்டோபர் 14."

"அது போன வருஷமே முடிஞ்சு போச்சேப்பா!"

"அதைத்தான் சித்தி அவரும் சொன்னார்."