மடிப்பு மாமி

படலை திறக்கிற சத்தம் கேட்டால் மற்ற வீடுகளில் யன்னல் திரையின் ஓரம் ஒரு விரற்கடை விலகும். அந்த இடைவெளியில் ஒரு கண் தெரியும். வந்தவர் கடன் கேட்க வந்தவரா, கலியாணத் தரகரா, திருவிழாவுக்குக் காசு சேர்க்க வந்தவரா என்று அந்தக் கண் தீர்மானித்த பிறகுதான் கதவு திறக்கும். மருதனார்மடத்தில் மடிப்பு மாமி வீட்டில் இந்த வழக்கம் இல்லை. அங்கே திரை அசையாது. மாமி குசினிப் பக்கத்தால் இறங்கி, கிணற்றடியைச் சுற்றி, வேலியோரமாக நடந்து வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, “ஆரைத் தேடுறியள்?” என்பார். நீங்கள் திடுக்கிட்டுத் திரும்புவீர்கள். திரையை விலக்கி எட்டிப் பார்த்தால் மடிப்புக் குலைந்துவிடும். உங்களுடைய நெஞ்சு குலைந்தால் அது பிறகு தானாகச் சரிவரும்.

இணுவிலில் இருந்து சுன்னாகம் வரை திரை மடிப்பைக் காக்கிற இந்த இனத்தவரைக் காணலாம். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பிள்ளைகளில் இரண்டு பேராவது வெளிநாடு. வீடு றோட்டைப் பார்த்திருக்கும். ஹோலுக்குப் பெரிய யன்னல்கள் இருக்கும். ஆண்களிலும் உண்டு. அவர்கள் மடிப்பைத் தொடமாட்டார்கள், எட்டி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “வலப் பக்கம் அரை இஞ்சி பதிஞ்சு கிடக்குது” என்று மட்டும் சொல்லுவார்கள். உண்மையில் கை வைத்து வேலை செய்கிறவர் மாமிதான்.

திரைக்குத் துணி எடுப்பதில் மாமியின் கணக்குச் சுத்தமானது. யன்னல் நாலடி அகலம், 48 அங்குலம். மடிப்புக்கு மடிப்பு 4 அங்குல இடைவெளி. ஆகவே 12 இடைவெளி, 13 மடிப்பு. ஒரு மடிப்பு 6 அங்குலத் துணியை விழுங்கும். பதின்மூன்று ஆறு 78. அதோடு 48ஐக் கூட்டினால் 126 அங்குலம், அதாவது சரியாக மூன்றரை யார். கரை அடிக்க வேறாக.

“அம்மா, யன்னல் நாலடிதானே? ஒண்டரை யாரிலயே மூடிப்போடலாம்,” என்றான் சந்திக்குப் பக்கத்துத் தையல்காரப் பொடியன்.

“தம்பி, யன்னலை மூடுறதுக்கோ ஆரும் கேட்டின் போடுறது?”

பொடியன் தலையைக் குனிந்துகொண்டு மெசினை மிதித்தான். அதோடு பாடம் முடியவில்லை. அவன் ஒரு கரையில் இருந்து மடிப்பைக் குறிக்கத் தொடங்க, மாமி ரேப்பைப் பறித்தார். கரையில் தொடங்கினால் ஒவ்வொரு இடைவெளியிலும் கால் அங்குலம் பிசகினாலும் பன்னிரண்டாவதில் மூன்று அங்குலம் பிசகும். நடுவில் தொடங்கினால் ஏழாவது மடிப்பு நடுநாயகமாக நிற்கும். பிசகு இரு பக்கமும் பங்காகி, ஒன்றரை அங்குலத்தோடு போய்விடும். பிழை வராமல் இருக்காது, அதை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் நிர்வாகம் என்பது மாமியின் கொள்கை. காணி வழக்குகளும் இப்படியே தீர்ந்தால் மல்லாகம் கோட்டில் பாதிக் கூட்டம் குறையும்.

தைத்து வந்த திரை உடனே திரையாகிவிடாது. அதைப் பழக்க வேண்டும். தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவி, ஒன்றோடொன்று சேர்த்து, மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் சீலைத் துண்டால் தளரக் கட்டி மூன்று நாள் விட வேண்டும். அந்த மூன்று நாளும் வீட்டில் துடக்கு மாதிரி. ஒருவரும் கிட்டப் போகக்கூடாது, தொடக்கூடாது. நாலாம் நாள் கட்டவிழ்த்தால் துணி தன் மடிப்பை ஞாபகம் வைத்திருக்கும். கீழ்க்கரை நேராய்த் தொங்குவதற்கு இரண்டு மூலையிலும் பாரம் வைத்துத் தைக்க வேண்டும். அதற்குப் பழைய ஐம்பது சதக் குற்றி. பிறகு வந்த முலாம் பூசிய இரும்புச் சில்லறை, கழுவக் கழுவக் கறள் கட்டி வெள்ளைத் துணியில் வட்டம் போட்டுவிடும். செம்பும் நிக்கலும் கலந்த அந்தக் காலத்துக் குற்றிக்கு அந்தக் குணம் இல்லை. ஐம்பது சதத்துக்கு இன்றைக்கும் பெறுமதி உள்ள ஒரே இடம் மாமியின் கீழ்க்கரைதான்.

இப்படி வளர்த்தெடுத்த மடிப்புக்கு எதிரிகள் அதிகம்.

முதலாவது எதிரி தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. சவர்க்காரம் நுரைக்காது, துணி கஞ்சி போடாமலே விறைத்துப்போகும். விறைத்த துணி மாமி சொன்ன இடத்தில் மடியாமல் தான் நினைத்த இடத்தில் மடியும். அதனால் மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் திரை கழுவல். குடிக்க அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு கேட்டுப் பாருங்கள், கிடைக்காது.

இரண்டாவது எதிரி மண். அந்தப் பக்கம் செம்பாட்டு நிலம். வெங்காயமும் புகையிலையும் செழிக்கிற மண், காய்ந்தால் புழுதியாகி எழும்பும். காங்கேசன்துறை வீதியில் ஒரு பஸ் போனால் மடிப்பின் முதுகில் மட்டும் செம்மை படியும், பள்ளத்தில் படியாது. தோட்டக்காரனுக்கு அது பொன். மாமிக்கு அது பதின்மூன்று செங்கோடு.

மூன்றாவது எதிரிதான் பெரிய எதிரி. வைகாசி பிறந்தால் சோளகம் வீசும். பனைகள் எல்லாம் இரைச்சல் போடும். ஊர் முழுக்க யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, “அப்பாடா” என்று சாய்ந்திருக்க, மாமி வீட்டில் மட்டும் யன்னல்கள் கொண்டி போட்டிருக்கும். மின்விசிறிக்கு அனுமதி ஒன்றாம் இலக்கம் வரை.

“இஞ்சாரும், அந்த யன்னலைக் கொஞ்சம் திறவுமன். அவிஞ்சு சாகிறன்,” என்பார் மாமா.

“திறந்தால் காத்து வரும்.”

“காத்து வரத்தானேயப்பா யன்னல் வச்சது?”

“அப்ப கேட்டின் என்னத்துக்கு?”

மாமா முப்பது வருசம் கணிதம் படிப்பித்தவர். இந்த வாதத்தில் எந்த வரியில் பிழை என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார். தேடும்போது பத்திரிகையால் விசிறிக்கொள்வார், அதுவும் திரைக்கு எதிர்ப்பக்கமாக.

மருதனார்மடத்தில் ஆஞ்சநேயர் பெரிய சிலையாய் உயர்ந்து நிற்கிறார். ஊரவர் அவரிடம் பரீட்சைக்கும் விசாவுக்கும் நேர்த்தி வைப்பார்கள். மாமியின் வேண்டுதல் வேறு. ஆஞ்சநேயர் வாயுபுத்திரன் அல்லவா? கண்ணை மூடிக் கைகூப்பி, “அப்பனே, உங்கட அப்பாவை ஆவணி மட்டும் கொஞ்சம் அடக்கி வையுங்கோ” என்று கேட்பார். அந்தக் கண்ணும் முழுசாய் மூடியிருக்கும் என்று சொல்ல முடியாது. கர்ப்பக்கிருகத்தின் முன் திரை விழுந்ததும் மற்றவர்கள் அலங்காரம் முடியக் காத்திருப்பார்கள். மாமி திரையையே தரிசித்துக்கொண்டிருப்பார். இடப்பக்கம் அஞ்சு, வலப்பக்கம் மூண்டு. ஐயர் மணியடித்துத் திரையை ஒரே இழுவையில் இழுக்கும்போது பக்தர்கள் “அரோகரா” என்பார்கள். மாமி “மெல்ல, மெல்ல” என்பார்.

கலை நிகழ்ச்சிக்குப் போனாலும் இதே கண்தான். ஊரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலை வளாகம் இருப்பதால் நடன அரங்குக்குக் குறைவில்லை. பிள்ளை அரைமண்டியில் அமரும்போது உடுப்பின் முன்விசிறி விரிய வேண்டும், நிமிரும்போது அத்தனை மடிப்பும் பழைய இடத்துக்கு வந்து சேர வேண்டும். மாமி அதைத்தான் எண்ணுகிறார். சங்கீதம், தாளம், பாவம் எல்லாவற்றையும் மாமா பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும், “பிள்ளை நல்லா ஆடினது, எல்லாம் திரும்பி மடிஞ்சுது” என்று ஒரு வரி விமர்சனம் கிடைக்கும்.

பிறர் வீட்டுக்குப் போகும்போதுதான் மாமியின் முழுத் திறமையும் வெளிப்படும். வாயைத் திறந்து குறை சொல்வது பண்பில்லை. ஆகவே தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, “மழை வருமோ தெரியேல்லை” என்று யன்னலடிக்கு எழும்பிப் போவார். கை தானாக நடக்கும். அண்மையில் ஒரு புதுவீட்டில் துளை வளையம் வைத்த நாகரிகத் திரை. வளையங்களை எண்ணினார், ஒன்பது. முகம் வாடிவிட்டது. வளையம் இரட்டைப் படையில் இருந்தால்தான் திரையின் இரண்டு கரையும் சுவரைப் பார்த்துத் திரும்பும். ஒற்றைப் படை என்றால் ஒரு கரை சுவரைப் பார்க்கும், மற்றக் கரை சபையைப் பார்க்கும்.

“பிள்ளை, ஆர் தைச்சது?”

“ரெடிமேட் மாமி, கொழும்பில வாங்கினது.”

“அதுதானே பாத்தன்,” என்று மாமி சொல்லிவிட்டு இருந்தார். அவர் போன பிறகு அந்தப் பெண் இரவு பதினொரு மணிக்கு வளையம் எண்ணிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

பொம்பிளை பார்க்கப் போகிற கூட்டத்தில் மாமி கட்டாயம் இருப்பார். மற்றவர்கள் பெண்ணின் நிறம், படிப்பு, சாதகம், சீதனம் பார்க்க, மாமி ஹோல் திரையைப் பார்ப்பார். மடிப்பு ஒரே சீராக இருந்தால் தாய் கெட்டிக்காரி. மடிப்பு வந்தவர்களுக்காகக் காலையில் அவசரமாய் நீவியதென்றால் நடுப்பகுதி மட்டும் படிந்திருக்கும், கீழே அவிழ்ந்திருக்கும். அது மாமிக்குத் தெரியாமல் போகாது. செத்த வீட்டிலும் விதிவிலக்கு இல்லை. பிரேதத்தின் தலைமாட்டில் இருந்து ஒப்பாரி வைத்தபடியே பின்னால் எட்டித் திரையை நீவுவார். அழுகையும் நிற்காது, கையும் நிற்காது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி தொடங்கினார். அந்தக் காலத்தில் இருந்தே அந்த வீதியால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாய்ப் போய் வருகிறார்கள். வெள்ளைச் சீருடையில் பிளீட் கலைந்தால் அது ஒழுக்கம் கலைந்ததற்குச் சமானம் என்று எண்ணுகிற ஆசிரியைகள் எல்லாப் பெண்கள் பாடசாலையிலும் இருந்தார்கள். மாமியும் அவர்களிடம் படித்தவர். பிறகு அவர்களில் ஒருவராயும் ஆனவர். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத வருசங்களில் மகளின் சீருடைக்குச் சிரட்டைக் கரி போட்ட இரும்புப் பெட்டியால் மடிப்பு எடுப்பார். கரியும் கிடையாத நாளில் பிளீட்டுகளை நூலால் இழையோட்டி, மெத்தைக்குக் கீழே விரித்து, மேலே மாமாவைப் படுக்க வைப்பார். மாமா புரண்டு படுக்க அனுமதி இல்லை. மறுநாள் பாடசாலையில் மகளின் மடிப்புக் கத்திபோல இருக்கும். மாமா கூனிக்கொண்டு போவார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கி வர, வலிகாமமே மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. ஊர் உறுதியையும் நகையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓட, மாமி அவற்றோடு ஹோல் திரைகளையும் கழற்றி, மடிப்பு வாக்கிலேயே மடித்து, மூன்று இடத்தில் கட்டி, சூட்கேசில் வைத்தார்.

“உமக்கென்ன விசரே?” என்று மாமா முதலும் கடைசியுமாகச் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரே மண்டபத்தில் பல குடும்பம் ஒதுங்கியபோது மாமியின் திரைகள்தான் சுவர்களாயின. குமர்ப்பிள்ளைகள் உடுப்பு மாற்ற அந்தச் சுவருக்குப் பின்னால்தான் போனார்கள். அங்கேயும் மாமி காலையில் எழும்பி மடிப்பை நீவிவிட்டுத்தான் பாணுக்கு வரிசையில் நிற்கப் போனார். அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால், வீட்டில் யன்னலைக் காணவில்லை. கம்பி, பலகை, நிலை எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சூட்கேசில் திரை பத்திரமாக இருந்தது. மாமி தச்சாசாரியைக் கூப்பிட்டுத் திரையைக் கையில் கொடுத்து, “இந்த அளவுக்கு ஒரு யன்னல் செய்யுங்கோ” என்றார். உலகத்தில் திரைக்கு அளவெடுத்துச் செய்த யன்னல் அந்த வீட்டில்தான் இருக்கும்.

இப்போது மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். போன முறை வந்த மகன், “அம்மா, உதுகளைக் கழட்டிப்போட்டு பிளைண்ட்ஸ் போடுவம். ஒரு கயிறு, இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். மடிப்பும் இல்லை, நீவலும் இல்லை,” என்றான்.

மாமி பதில் சொல்லவில்லை. மாமாதான் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து சொன்னார்: “விடு மோனை. இந்த வீட்டில கொம்மான்ர சொல்லுக் கேக்கிறது இப்ப உது ஒண்டுதான். நானும் கேக்கிறன், ஆனா நீவ நீவ மடியமாட்டன்.”

மகன் திரும்பிப் போய்விட்டான். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வட்ஸ்அப்பில் முகம் காட்டுகிறான். மாமி அவனுடைய முகத்தை ஒரு கணம் பார்ப்பார். மிச்சம் எல்லாம் அவனுக்குப் பின்னால் தொங்குகிற திரையில்தான். “மருமோளுக்கு இந்தக் கிழமை நைட் ஷிப்டே? மூண்டாம் மடிப்பு அஞ்சு நாளாய் அப்பிடியே கிடக்குது.” “பேரன் கேட்டினுக்குப் பின்னால ஒளிச்சு விளையாடுறவனே? கீழ இழுபட்டிருக்குது.” “நேற்று நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சனியளோ? ஆரோ அதைப் பலமாய் இழுத்திருக்கினம்.” எல்லாம் சரியாகவே இருக்கும்.

மகன் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் வேலையிடத்துக் கூட்டங்களில் செய்கிற உபாயத்தைக் கையில் எடுத்தான். போன ஞாயிறு பின்னணியையே மாற்றிவிட்டு வந்து இருந்தான். திரையும் இல்லை, யன்னலும் இல்லை. நீலக் கடல், வெண்மணல், கரை நெடுகத் தென்னை மரங்கள்.

மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். மகனுக்கு வெற்றிப் புன்னகை.

“தம்பி,” என்றார் மாமி, “உந்தத் தென்னையளை ஆர் நட்டது? முதல் ரெண்டுக்கும் எட்டு முழம், அங்கால ரெண்டுக்கும் அஞ்சு முழம். நடுவில இருந்து தொடங்கியிருக்க வேணும்.”