விளக்க மாஸ்டர்

ஆலையடிவேம்பில் நாலு வளவுக்கு ஒரு விளக்க மாஸ்டர் இருப்பார். பென்சன் எடுத்தவர். கண்ணாடிக் கூட்டையும் சிவப்புப் பேனையையும் ஒரே பொக்கற்றில் வைத்திருப்பார். மழை தூறினால் குடையை விரிக்க முன்னம் வடகீழ்ப் பருவக்காற்றை விரிப்பார். எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. எங்கள் வீடு என்றால் பிழை, அவர் வீடு. எங்கட பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டி தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவது. நான் போன அன்று மாமா என்னை வாசலில் நிறுத்தி அந்த வழக்கம் எப்படி வந்தது என்று அரை மணித்தியாலம் விளக்கினார். பெட்டி என் கையிலேயே இருந்தது.

என் மகளுக்கு இப்போது நாலு வயது. புலமைப்பரிசில் சோதினைக்கு இன்னும் ஆறு வருடம் கிடக்கிறது. "இப்பவே கண்டி அரண்மனையக் காட்டினாத்தான் மனசில நிக்கும்" என்று ஒரு சனிக்கிழமை விடியப்புறம் மாமா வேன் பிடித்துவிட்டார். வேன்கார நானா அக்கரைப்பற்று ஆள்.

"ஆருட வீட்ட போறம்?" என்று மகள் கேட்டாள்.

"ராசாட வீட்ட."

ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகப்படாது என்பது அம்மம்மா பழக்கியது. அவள் அலுமாரியைத் திறந்து ஒரு கிறீம் கிறேக்கர் பக்கெற்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்டி வரைக்கும் அதை ஆர் கையிலும் கொடுக்கவில்லை.

மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறும்போது மாமா ஒவ்வொரு வளைவாக எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழாவதில் மகள் சத்தி எடுத்தாள். துடைத்து, தோடம்பழத் தோலை மணக்கக் கொடுத்து முடிய, மாமா எட்டிலிருந்து தொடர்ந்தார்.

தலதா மாளிகை வளவுக்குள் செருப்பைக் கொடுத்துத் துண்டு வாங்கினோம். மகுல் மடுவவின் செதுக்கிய மரத்தூண்களைக் கண்டதும் மாமாவுக்குத் தொண்டை திறந்தது. "1783 ல கட்டத் தொடங்கின மண்டபம். 1815 மார்ச் ரெண்டாந்திகதி இஞ்சதான் கண்டி ராச்சியத்த வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுத்தாங்க!" ஆள் எங்கே என்று திரும்பினால், ஒரு தூணுக்குப் பின்னால் பிஸ்கட் பக்கெற் மட்டும் நீட்டிக்கொண்டு தெரிந்தது. ஒளித்துப் பிடித்து விளையாட்டுக்கு அதைவிட நல்ல மண்டபத்தை எந்த ராசாவும் கட்டியிருக்க மாட்டான்.

அடுத்தது நூதனசாலை. ஒரு காலத்தில் ராணிமார் இருந்த கட்டடம் அது. மகள் கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டித் தாண்டிப் போனவள், ஒரு பெட்டியில் மூக்கைச் சப்பையாக ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு பட்டுப் பட்டுக் கண்ணாடியில் வட்டமாகப் புகார் படிந்தது. உள்ளே ஒரு பாக்குவெட்டி.

"இது அம்மம்மாட! ஆரு கொண்டந்து பூட்டி வச்ச?"

சத்தத்துக்குக் காவலாளி எழும்பிவிட்டார். மாமா அவருக்குச் சிங்களத்தில் ஒரு விளக்கம் கொடுத்து இருத்திவிட்டு, பேத்திக்குத் தமிழில் நாயக்கர் வரலாற்றை ஆரம்பித்தார். 1739 இல் நரேந்திரசிங்கனுக்குப் பட்டத்து வாரிசு இல்லாமற் போக, மதுரையிலிருந்து வந்த ராணியின் சகோதரன் அரசனானாராம்.

"அப்ப நம்மட சின்ன மாமாவும் ராசாவா?"

என் பொண்டாட்டியின் தம்பி அந்த நேரம் வேனில் வாய் திறந்தபடி நித்திரை. எனக்கு அவள் கேள்வி புதினமில்லை. வந்த வழி முழுக்க முன் சீற் அவனுக்குத்தானே கிடைத்தது?

மாமா விடவில்லை, கடைசி ராசாவுக்கு வந்தார். பட்டப்பெயர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பழைய பெயர் கண்ணுசாமி. மகள் பக்கெற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அவர் எங்க?"

"வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு போயிட்டாங்க மகள். 1832 ல அங்கயே மோசம் போயிட்டார்."

"அவர்ர கதிரை?"

இது மாமாவுக்குப் பிடித்த கேள்வி. 1693 இல் ஒல்லாந்தர் கொடுத்த சிம்மாசனம், 1815 இல் இங்கிலீஷ்காரன் அள்ளிக்கொண்டு போனது, வின்ட்சர் மாளிகையில் கிடந்தது, 1934 இல் திரும்பி வந்தது என்று மூச்சு விடாமல் போய், "இப்ப கொழும்பு மியூசியத்தில இரிக்கி" என்று முடித்தார்.

"அந்த மியூசியத்தக் கட்டின கொந்திராத்துக்காரர் எங்கட ஆள், வாப்பிச்சி மரைக்கார்" என்றார் பின்னால் நின்ற நானா. "1877 ல திறந்த. வெள்ளிக்கிழமையில பூட்டோணும் எண்டு கேட்டவராம்."

மாமாவின் முகம் கறுத்தது. விளக்க மாஸ்டருக்குப் பசி தாங்கும், வெயில் தாங்கும், இன்னொரு ஆள் விளக்குவது மட்டும் தாங்காது.

மகள் இதொன்றையும் கவனிக்கவில்லை. அவள் கணக்குப் பார்த்து முடித்திருந்தாள். "ராசாவும் இல்ல, கதிரையும் இல்ல. ஆளில்லாத வீட்டுக்கு ஏன் வந்த?"

நாங்கள் அதற்குப் பதில் சொல்லாமல் வெளியே வந்து, பாடம் செய்த யானை நிற்கிற கட்டடத்துக்குப் போனோம். பெரஹராவில் பல வருடம் தந்தப் பேழை சுமந்த யானை, 1988 இல் செத்தது. மாமா பழக்கதோஷத்தில் பெயர்ப்பலகையைச் சத்தமாக வாசித்தார்: "ராஜா."

மகள் அப்படியே நின்றாள். கண்ணாடிக்குள் கொம்பும் குஞ்சமுமாக ராசா நின்றுகொண்டிருந்தார். "அது பேர்தான் மகள், அந்த ராசா வேற..." என்று மாமா தொடங்க முன்னம் அவள் பக்கெற்றைக் கண்ணாடியின் அடியில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து கும்பிட்டாள். வெளியே வரும்போது காவலாளி காணாமல் அதை எடுத்து என் சேட்டுக்குள் ஒளித்தது நான்தான். திரும்பி வரும் வழியில் நானும் நானாவும் அதைத் தின்று முடித்தோம்.

இரவு பத்து மணிக்கு வீடு. அம்மம்மா வாசலில் பாக்குச் சீவிக்கொண்டிருந்தா. மகள் அவவின் முன்னால் போய் விரலை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

"ராசா எண்டா யானை. பெரிய உடம்பு. கதிரையில இரிந்தா உடைஞ்சு போகும். அதுதான் கதிரையக் கொழும்புக்கு அனுப்பின. இந்தப் பாக்குவெட்டியப் பத்திரமா வைங்க, அவங்க எடுத்துப் பூட்டிருவாங்க."

"அப்பிடி இல்ல மகள், 1693 ல..." என்று மாமா வாய் எடுத்தார்.

"பொறுங்க அம்மப்பா," என்றாள், "நான் விளங்கப்படுத்திட்டு இரிக்கன்."