கையில் காசு குறைவு, ஊரில் காட்சி நிறைவு

கே: கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு செகந்திராபாத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அதிகம் செலவழிக்காமல் ஊரைச் சுற்ற முடியுமா?
– ஒரு வாசகி, திருச்சி

ப: தாராளமாக! தங்கும் செலவை அண்ணன் ஏற்றுக்கொண்டார். மிச்சத்தைக் கால்கள் பார்த்துக்கொள்ளும்.

முதல் நாள், வெயில் ஏறுமுன் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகனைக் கும்பிடுங்கள். சாயங்காலம் ஹுசைன் சாகர் கரை. ஏரி நடுவே நிற்கும் ஒற்றைக்கல் புத்தரைக் கரையிலிருந்து பார்க்கக் காசில்லை; காற்றும் இலவசம்.

மறுநாள் பரேடு கிரவுண்டில் மெட்ரோ ஏறி, எம்.ஜி.பி.எஸ்.ஸில் இறங்கி, சாலார் ஜங் மியூசியம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. பகல் 12 மணிக்குக் கொஞ்சம் முன்பே இசைக் கடிகாரத்தின் எதிரே பிள்ளைகளை உட்கார வையுங்கள். குட்டிக் கொல்லன் ஒருவன் நொடிக்கொரு தரம் சம்மட்டி அடிப்பான். மணி நெருங்கியதும் தாடிக்காரப் பொம்மை வெளியே வந்து மணியடிக்கும். ஒரு மணிக்குப் போனால் ஒரே அடி. அதே டிக்கெட்டில் பன்னிரண்டு அடி கேட்பதுதான் சிக்கனம்!

அங்கிருந்து 1591-இல் கட்டிய சார்மினாருக்கு நடந்தே போகலாம். கால் வலித்தால் இரானி டீ, உஸ்மானியா பிஸ்கட். கடைசி நிஜாம் உஸ்மான் அலி கானின் பெயரைத் தாங்கிய அந்த பிஸ்கட்டில் தித்திப்பும் உப்பும் சேர்ந்தே இருக்கும். டீயில் முக்கியவுடன் வாயில் போடுங்கள். தாமதித்தால் டம்ளரோடு போய்விடும்.

மிச்சப்பட்ட காசில் லாட் பஜாரில் அண்ணிக்கு ஒரு ஜோடி வளையல் வாங்குங்கள். தினமும் உங்களுக்கு ஆக்கிப் போடும் கைகளுக்கு அதுதான் மரியாதை.