வெறும் வயிற்றுச் சூத்திரமும் அதன் உரைகளும்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரசீது கிழித்துக் கொடுக்கும் பெண் அருளிச்செய்த மூல சூத்திரம் வருமாறு: "காலைல வெறும் வயித்துல வாங்க சார், தண்ணி குடிக்கலாம்." இச்சூத்திரத்துக்கு முறையான உரை இதுகாறும் எழுதப்படவில்லை. வாய்மொழியாக வழங்கும் உரைகளோ வீட்டுக்கு வீடு முரண்படுகின்றன. எனவே எல்.எஃப்.டி. என்று ஊரார் வழங்கும் கல்லீரல் சோதனைக்கு ஆயத்தமாகும் நெறியை ஆராயப் புகுந்தோம்.

வெறும் வயிறாவது 8 முதல் 12 மணி நேரம் தண்ணி தவிர வேறொன்றும் உட்செல்லாத வயிறு. இரவு 9 மணிக்கு இலையை எடுத்தவர் காலை 7 மணிக்குக் கையை நீட்டலாம். இதில் ஐயம் காபியைப் பற்றியதே. பால் சேராத கடுங்காபி வயிற்றை நிரப்பாது, ஆகவே வெறுமை கெடாது என்பர் ஒரு சாரார். சர்க்கரை போடாமல் அரை டம்ளர் ஆகும் என்பர் மற்றொரு சாரார். காபி உணவே அன்று, விழிப்பு நிலையின் ஒரு பகுதி என்பது மூன்றாம் சாராரின் துணிபு. மூன்றும் பொருந்தா; சூத்திரம் விலக்கு அளித்தது தண்ணிக்கு மட்டுமே. ஈண்டுத் தண்ணி என்றது குழாயிலும் குடத்திலும் வருவதை. 'அடித்தல்' கொண்டு முடியும் தண்ணி இதனுள் அடங்காது. 'குடிக்கலாம்' என்ற வினையே அதனை விலக்கிற்று.

இனி, இப்பட்டினி யார் பொருட்டு? கல்லீரல் சோதனை மட்டும் என்றால் பல இடங்களில் சாப்பிட்டுவிட்டே போகலாம். மாஸ்டர் செக்கப்பில் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் கூடவே வருவதால், அவற்றுக்காகக் கல்லீரலும் சேர்ந்து பட்டினி கிடக்கிறது. நெய் மிதக்கத் தின்றால் சீரம் பால்போலக் கலங்கிக் கருவியைத் திணற வைக்கும் என்பதும், ஓ, பி ரத்த வகையினர் சிலருக்கு அப்படித் தின்றபின் குடலிலிருந்து அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி ஏறும் என்பதும் மெய்தான். ஆனால் பட்டினியும் குற்றமற்றதன்று. 1901-இல் கில்பர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த உடல்வாகு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்கள் பட்டினி கிடந்தால் மஞ்சள் நிறமியாகிய பிலிருபின் ஏறும். அவர்களுள் 8 மணி நேரம் போதும் என்றதற்குப் பக்தி மேலிட்டு 16 மணி நேரம் கிடந்தவர் ரிப்போர்ட்டில் மஞ்சளாகத் தெரிவார். மாலைக்குள் மாமியார் வீட்டிலிருந்து கீழாநெல்லி வந்து சேரும்.

சூத்திரத்தில் இல்லாத இடைச்செருகல் ஒன்றும் உண்டு. அதுவே மூன்று நாள் தவம். வியாழன்வரை டாஸ்மாக்கில் நின்றவர் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மோர்சாதமும் கீரையுமாக ஒழுகி, திங்கட்கிழமை நல்ல பிள்ளையாகக் கையை நீட்டுவது. இதன் பயனை அளந்து பார்ப்போம். கல்லீரல் சோதனையில் அளக்கும் நொதிகளுள் எஸ்.ஜி.ஓ.டி. ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 17 மணி நேரம், எஸ்.ஜி.பி.டி.க்குச் சுமார் 47 மணி நேரம். இந்த இரண்டும் ஓரளவு மசியும். ஜி.ஜி.டி. என்னும் மூன்றாம் நொதியோ பழைய ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. பாதி குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும், பேரேட்டை அதற்குள் மூடாது. பொய் சொல்வதென்று முடிவெடுத்தவர் ஒரு மாதமாவது பொய் சொல்ல வேண்டும். அவ்வளவு நாள் குடிக்காமல் இருந்தால் அது பொய்யாகாது என்பது இவ்வாய்வில் எதிர்பாராமல் கிட்டிய முடிபு. தவிரவும், காசு கொடுத்துக் கேட்ட கேள்விக்குத் தானே விடையை மாற்றி எழுதிவைப்பது எந்த ஊர் சாமர்த்தியம் என்று விளங்கவில்லை. வழக்கம்போல் இருந்த உடம்பைக் காட்டினால்தானே டாக்டர் வழக்கத்தைப் பற்றிப் பேச முடியும்?

இதற்கு நேர் எதிரான பிழை செய்வோர் திடீர்த் திருந்திகள். சோதனை என்று சொன்னதும் பயந்து, பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத ஜிம்மில் சேர்ந்து, முந்தின நாள் மாலை எடை தூக்குவார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய இரண்டு நொதிகளும் தசையிலும் உண்டு. தசை நொந்தால் அவை கசிந்து ரத்தத்தில் ஏறும், ஒரு வாரம்கூட இறங்காமல் நிற்கும். ஒரு சொட்டும் தொடாத மனிதர் அரும்பாடுபட்டுக் குடிகாரர் என்ற ஐயத்துக்கு ஆளாவது இவ்வாறே. உடன் தசை நொதியாகிய கிரியேட்டின் கைனேஸையும் பார்த்தால் மானம் தப்பும்.

எஞ்சியவை புறனடையாகக் கொள்ளப்படும். வழக்கமான மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. சர்க்கரை மாத்திரையைப் பட்டினியில் போடலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்க. தலைவலிக்கு விழுங்கிய பாராசிட்டமால், நாட்டு மருந்துக் கடைச் சூரணம், மச்சான் வாங்கித் தந்த புரோட்டீன் பொடி, மேற்படிக் கீழாநெல்லி ஆகிய யாவும் டாக்டர் காதில் போடற்பாலன. இயற்கை மருந்துதானே என்று விடுவோர் பலர்; கல்லீரல் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே எதிர்க்கடையில் பொங்கல் வடை, அதன்மேல் ஸ்ட்ராங்காக ஒரு காபி சொல்லலாமா என்னும் வினாவில் மட்டும் முற்கூறிய மூன்று சாரார்க்கும் கருத்து வேற்றுமை இல்லை.