வளைவில் முந்தாத பதில்கள்

(பி.இ. சிவிலில் ‘ஹைவே’ பேப்பர் நடத்தியே தொண்டை கட்டிய வாத்தியார் பதில் சொல்கிறார். கேட்டவர்கள் பெயர் வேண்டாம் என்றார்கள், ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். இன்டர்னல் மார்க் பயமாக இருக்கலாம்.)

ஹைவே வகுப்பில் முதல் வாரம் முழுக்க ஜெயக்கர் கமிட்டி, நாக்பூர் பிளான் என்றே ஓடியது. நான் சேர்ந்தது சிவிலா, பி.ஏ. வரலாறா சார்?
– மூன்றாமாண்டு மாணவி, சேலம்

ரோடு போட ஜல்லிக்கு முன்னால் காசு வேண்டுமே அம்மா! நீங்கள் கொட்டாவி விட்டுக் கேட்டது அந்தக் காசின் கதையைத்தான். ரோடு போடுவது மாகாணங்களும் ஜில்லா போர்டுகளும் தனியாகத் தாங்கக்கூடிய செலவில்லை, பெட்ரோலில் கூடுதல் வரி போட்டுத் தனி நிதி வையுங்கள் என்று சொன்னது 1927-ல் போட்ட ஜெயக்கர் கமிட்டி. 1929-ல் மத்திய சாலை நிதி வந்தது. பங்கில் நின்று நாம் முனகுகிறோமே, அந்த முனகலுக்கு வயது நூறை நெருங்குகிறது.

1934-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். தேர்தலில் நிற்காமல் ரோட்டுக்கு விதி எழுதும் காங்கிரஸ், ஆனால் உங்கள் செமஸ்டர் முடியும்வரை வாசலில் நிற்கும். 1943-ல் மாகாணங்களின் சீஃப் இன்ஜினியர்கள் நாக்பூரில் கூடி, 100 சதுர கிலோமீட்டருக்கு 16 கிலோமீட்டர் ரோடு என்று இருபது வருஷத்துக்குக் கணக்குப் போட்டார்கள். வெளியே உலக யுத்தம், உள்ளே ஆகஸ்ட் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. அந்த நேரத்தில் உட்கார்ந்து பட்டிக்காட்டு ரோட்டுக்கு நீளம் கணக்கிட்டவர்களைப் பற்றி ஒரு ஐந்து மார்க் கேள்வி எழுதினால் குறைந்தா போய்விடுவோம்?

மைல்கல் தலையில் ஒரு ரோட்டில் மஞ்சள், இன்னொரு ரோட்டில் பச்சை. கட்சிக் கலரா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், விருத்தாசலம்

மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. ஆட்சி மாறினாலும் பெயின்ட் மாறாது.

எங்கள் கடை முன்னால் ஒரு ஸ்பீடு பிரேக்கர். பைக்கில் தாண்டி வருகிறவர்கள் டீ கேட்பதற்கு முன்னால் தைலம் கேட்கிறார்கள். இதற்கெல்லாம் அளவு கிடையாதா?
– டீக்கடைக்காரர், ஒட்டன்சத்திரம்

அளவு அச்சடித்தே இருக்கிறது அண்ணே. ரோட்ஸ் காங்கிரஸ் 1988-ல் சொன்னபடி அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. அதாவது ஒரு சின்னக் கார் நீளத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கும் முதுகு. 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு வலிக்கக் கூடாது. அதற்கு மேல் வருகிறவருக்குத்தான் புத்தி வர வேண்டும்.

எங்கள் தெருவில் ஒன்றை நானே டேப் வைத்து அளந்தேன். அகலம் ஒன்றேகால் அடி, உயரம் அரை அடி. பக்கத்தில் நின்ற பையன், “சமாதி கட்டப் போறீங்களா சார்?” என்று கேட்டான். மெதுவாகப் போனாலும் தூக்கிப் போடுகிறது, வேகமாகப் போனாலும் தூக்கிப் போடுகிறது. நல்லவனையும் கெட்டவனையும் ஒரே மாதிரி உதைத்தால் அதற்குப் பெயர் வேகத்தடை இல்லை, வெறும் தடை. இதில் வெள்ளைக் கோடும் முன்னெச்சரிக்கைப் பலகையும் இல்லாவிட்டால் ராத்திரியில் கேட்கவே வேண்டாம். உங்கள் கடையில் தைலத்தையும் விற்பனைக்கு வையுங்கள்.

பிரேக் பிடிக்க டிரைவருக்கு 2.5 வினாடி ஆகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. என் ரிஃப்ளெக்ஸ் அரை வினாடி. யாரோ தாத்தாவுக்காக எழுதியதா?
– புல்லட் வைத்திருக்கும் மாணவர், கோவை

ஆமாம், தாத்தாவுக்காகத்தான். அவரும் அதே ரோட்டில்தான் வருகிறார்.

தம்பி, கம்ப்யூட்டர் விளையாட்டில் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பட்டனை அமுக்க அரை வினாடி போதும். அங்கே விளக்கு எரியப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும். ரோட்டில் வருவது விளக்கு இல்லை, ஆடு. கண் அதைப் பார்க்க வேண்டும், கிடப்பது சாக்கு மூட்டையா ஆடா என்று மூளை பிரித்தறிய வேண்டும், மனசு ஒரு கணம் பதற வேண்டும், பிறகு பிரேக்கா ஹேண்டிலா என்று முடிவெடுக்க வேண்டும். எங்கள் பாடத்தில் இந்த நாலையும் தனித்தனியாக எண்ணுகிறோம். பதறுவதற்கும் நேரம் ஒதுக்கிய இன்ஜினியரிங் பாடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறீர்கள். கால் பிரேக்கைத் தொடுவதற்குள் 70 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகு நிற்க இன்னும் 110 மீட்டர் வேண்டும். மொத்தம் 180. அத்தனை தூரமும் டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளைவையும் மேட்டையும் அமைப்பதுதான் எங்கள் வேலை. 50-ல் வந்தால் 60 மீட்டரில் நின்றுவிடலாம். வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்று மடங்கு. உங்கள் அரை வினாடியைப் பாராட்டுகிறேன், ஆனால் ஆட்டுக்கு அது தெரியாது.

கொல்லிமலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு என் மேல் விழுந்த ஆசாமி, ரோட்டுச் சரிவைக் காரணம் சொன்னார். நிஜமா?
– ஆசிரியை, ராசிபுரம்

எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரே பக்கம்தான் விழுந்தார் என்றால் பொய். வளைவு இடமும் வலமுமாக மாறி மாறித்தான் வரும்.

வளைவில் ரோட்டின் வெளிப்புறத்தைத் தூக்கிப் போடுவது உண்மை. வண்டி வெளியே வீசப்படாமல் இருக்கத்தான். சமவெளியில் இந்தச் சரிவு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மலையில் 10 வரை போகலாம். ஏன் இன்னும் தூக்கவில்லை என்று கேட்டால் விடையில் வைக்கோல் வாசனை வரும். அதே வளைவில் வைக்கோல் போர் ஏற்றிய மாட்டு வண்டியும் ஊர்ந்து வருமே, ரொம்பச் சாய்த்தால் அது உள்பக்கம் குடை சாயும். அதனால் முழு வேகத்துக்கும் சாய்க்காமல் முக்கால் வேகத்துக்கு மட்டும் சாய்த்துவிட்டு, மிச்சத்தை டயரின் பிடிமானத்திடம் விட்டுவிடுகிறோம். பரீட்சைக்கு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ‘வேகத்தின் வர்க்கம் கீழ் 225 ஆரம்’ என்ற சூத்திரத்தில் அந்த 225 எங்கிருந்து வந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. முழு வேகச் சூத்திரத்தில் இருக்கும் 127-ஐ முக்காலின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள், வண்டிக்காரர் உள்ளே உட்கார்ந்திருப்பார்.

கொண்டை ஊசியின் கதை வேறு. அங்கே 20 கிலோமீட்டர் வேகம்தான் கணக்கு. திரும்பும் இடத்தில் ஏற்றத்தையும் 40-க்கு 1 என்று தணித்துவிடச் சொல்கிறது விதி. 20-ல் போகிற பஸ்ஸில் ஒருவர் எழுபது தடவை விழுகிறார் என்றால் கண்டக்டரிடம் சொல்லுங்கள், இன்ஜினியரிடம் வேண்டாம்.

ஒரு மாட்டு வண்டி எட்டுக் காருக்குச் சமம் என்று வாத்தியார் சொன்னார். விலையிலா?
– முதலாமாண்டு டிப்ளமோ, அருப்புக்கோட்டை

இடத்தில். நெரிசலைக் கணக்கிட எல்லா வண்டியையும் காராக மாற்றுகிறோம். கிராமப்புற ரோட்டில் லாரி 3, பைக் அரை, மாட்டு வண்டி 8. ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் அதன் வேகத்திலேயே போன கல்யாண கார் வரிசையில் நீங்கள் இருந்திருந்தால் எட்டு குறைவு என்பீர்கள்.

ரெண்டு டன் கூட ஏத்தினா ரோடு என்ன அழுதுருமா?
– லாரி டிரைவர், நாமக்கல்

அழாது, ஆயுசு குறையும். ஏத்தச் சொன்னது நீங்கள் இல்லை என்றும் தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா ஊரில் இதற்கென்றே வளையம் வளையமாக ரோடு போட்டு, 1958-லிருந்து 1960 வரை ராணுவ வீரர்களை விட்டு லாரி ஓட்ட வைத்தார்கள். இரண்டு வருஷம் அதே வட்டம். உங்கள் கல்கத்தா டிரிப்பெல்லாம் அதன் முன்னால் சுற்றுலா. ரோட்டின் சேதம் அச்சுப் பாரத்தின் நாலாம் அடுக்கில் ஏறுகிறது என்பது, ஏறக்குறைய, அங்கே கண்டது. ஒரு அச்சில் 10 டன் இருந்த இடத்தில் 12 வைத்தால் பாரம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, சேதமோ இரண்டு மடங்கு. 20 வைத்தால் பதினாறு மடங்கு. அரை டன் அச்சுள்ள காரோடு ஒப்பிட்டால் உங்கள் 10 டன் அச்சு ஒருமுறை போவது, அந்தக் கார் அச்சு ஒரு லட்சத்து அறுபதாயிரம் முறை போவதற்குச் சமம். காரால் ரோடு தேய்கிறது என்பதெல்லாம் சும்மா.

2018-ல் அரசே நாலு டயர் ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 ஆக்கியது. அந்த 1.3 டன்னுக்கு இதே கணக்கைப் போட்டால் சேதம் 60 சதவீதம் கூடுதல். அப்போது ரோட்டை யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் களிமண்ணைச் சோதிக்க கலிபோர்னியா பேரில் ஒரு டெஸ்ட் எதற்கு?
– லேபில் நாலு நாள் காத்திருந்தவர், கோவில்பட்டி

அங்கே நெடுஞ்சாலைத் துறையில் பிறந்த சோதனை, அதனால் அந்த ஊர்ப் பெயர். நல்ல உடைகல்லில் இரண்டு அங்குல விட்டக் கம்பியை 2.5 மில்லிமீட்டர் அழுத்த 1370 கிலோ வேண்டும், அதுதான் நூற்றுக்கு நூறு. உங்கள் மண்ணுக்கு எவ்வளவு வேண்டுமோ அதுதான் உங்கள் மண்ணின் மார்க்.

காத்திருந்த அந்த நாலு நாளில்தான் பாடமே இருக்கிறது. காய்ந்த கரிசலைப் பங்குனியில் பார்த்தால் பாறை மாதிரி இருக்கும், வெடிப்பில் கையை விடலாம். அதையே அச்சில் இடித்து நாலு நாள் தண்ணீரில் ஊற வைத்து அழுத்தினால், 30, 40 கிலோவுக்கே கம்பி உள்ளே போய்விடும். நூற்றுக்கு இரண்டோ மூன்றோ. ரோட்டின் தடிமனை அந்த ஐப்பசி மார்க்கை வைத்துத்தான் போட வேண்டும். பங்குனி மார்க்கை வைத்துப் போட்டவர்களின் ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், நடுவில் பள்ளமும் ஓரத்தில் பிதுங்கலுமாக.

மெக்காடம்தானே தார் ரோட்டின் தந்தை?
– வினாடி வினா ரசிகர், திருவாரூர்

அந்த ஸ்காட்லாந்துக்காரர் ரோட்டில் தாரே ஊற்றவில்லை! சின்னச் சின்னதாக உடைத்த ஜல்லி, நடுவில் லேசான மேடு, அவ்வளவுதான். அடியில் பெரிய கல் பாவ வேண்டும் என்று அவர் காலத்து இன்னொரு இன்ஜினியர் டெல்ஃபோர்டு சொன்னபோது, மண் காய்ந்திருந்தால் எந்தப் பாரத்தையும் மண்ணே தாங்கும், தண்ணீரை மட்டும் உள்ளே விடாதே என்றார் மெக்காடம். அவர் செத்தது 1836-ல். ஜல்லியையும் தாரையும் கலந்து ஹூலி என்பவர் காப்புரிமை வாங்கியது 1902-ல். பெயரை மட்டும் மெக்காடத்திடம் கடன் வாங்கி ‘டார்மேக்’ என்றார். மெக்காடத்தின் நடு மேட்டை மட்டும் மறக்காதீர்கள்: ஏழு மீட்டர் ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட 7 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் மழை வழிந்து ஓடிவிடும். வீட்டு வாசலில் பக்கெட் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். நடுவிலேயே நின்றால் அந்த ரோட்டுக்கு இப்போதே இரங்கல் எழுதி வைக்கலாம்.

ரோடு போட்ட மறுவாரமே குழாய் பதிக்கத் தோண்டுகிறார்களே, அது எந்த யூனிட்டில் வருகிறது?
– இல்லத்தரசி, பெரம்பூர்

அவுட் ஆஃப் சிலபஸ். ஆனால் அதில் யாரும் அரியர் வைப்பதில்லை.

பெண்ணுக்கு ஹைவே இன்ஜினியர் வரன் வந்திருக்கிறது. கொடுக்கலாமா?
– தகப்பனார், கும்பகோணம்

தாராளமாக. முகூர்த்தத்தை மட்டும் தை, மாசியில் வையுங்கள். ஐப்பசியில் வைத்தால் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை ஏதாவது ஒரு கல்வெர்ட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார்.