பெருங்கடைகளில் உட்காருதல்: ஆலங்காயம் வட்டாரத் தரவுகளை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஒற்றைக்காலில் நின்று வரம் வாங்கியவர்களைப் பற்றிப் புராணங்கள் நிறையவே சொல்லியிருக்கின்றன. மாமல்லபுரத்துப் பாறையில் ஒரு பூனைகூடத் தவம் நிற்கிறது. இரண்டு காலிலும் நின்று சம்பளம் வாங்குகிறவர்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி குறைவு. ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்திலிருந்தும் மேலே உள்ள ஊர்களிலிருந்தும் போய், பல மாடி ஜவுளிக்கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே இங்கு ஆய்வுப் பொருள்.

2. கால் பற்றிய முரண்

புளியும் சாமையும் சுமந்து மலை ஏறி இறங்கிய கால், ஏ.சி. போட்ட சமதளத்தில் வீங்குவானேன்? நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்தப் பம்பு சரியாக ஓடாது. ரத்தம் கீழே தேங்கி, சிரையின் வால்வுகள் தளர்ந்து, நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது.

நடுநிலை கருதி வரவையும் எழுதிவிடுவோம்: மாதம் பிறந்தால் சம்பளம், தீபாவளி போனஸ், பி.எஃப்., ஹாஸ்டல் சிநேகிதம், ஆளைப் பார்த்ததுமே ‘அக்கா, உங்களுக்கு நாப்பது சைஸ்தான் சரியா இருக்கும்’ என்று சொல்லும் கண். ஊரில் பல வீடுகளுக்குத் தளம் போட்டுக் கொடுத்தது இந்தச் சம்பளம்தான். ஆய்வாளர் வேலையைக் குறை சொல்லவில்லை; ஸ்டூல் எங்கே என்றுதான் கேட்கிறார்.

3. ஆய்வு முறை

ஆலங்காயத்துக்குப் பக்கத்திலேயே காவலூர் வானாய்வகம் இருப்பது நமக்கு அனுகூலம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வந்ததைக் காவலூரிலிருந்தும் கவனித்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகுக்குத் தெரியவந்தது அன்றைய அவதானிப்புகளால்தான். அதே முறையைக் கவுண்டருக்குப் பொருத்தினோம்: தலை மறைந்து மீண்டும் தெரிந்தால், இடையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு வேறுபாடு உண்டு. யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காக யுரேனஸ் பதறுவதில்லை. சூப்பர்வைசர் கண் பட்டால் ஊழியர் எழுந்துவிடுகிறார்.

4. வகைப்பாடு

அ. தேடும் இருக்கை. ‘இதுல மயில்கழுத்துக் கலர் இல்லையாம்மா?’ ‘இருங்கக்கா, கீழ பார்க்கறேன்.’ கலர் இருக்கிறதோ இல்லையோ, கீழே தரை இருக்கிறது. குந்தியவர் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து, மூடி, முழங்காலை நீவிவிட்டு எழுகிறார்.

ஆ. ஒட்டும் இருக்கை. ரேக்கில் முதுகு பட்டும் படாமலும். கேமராவில் நிற்பதாகவே பதிவாகும்.

இ. சலுகை இருக்கை. செருப்பு செக்‌ஷனில் மட்டும். வாடிக்கையாளரின் காலடியில் உட்கார்ந்தால் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

ஈ. மரபு இருக்கை. பழைய ஜவுளிக்கடைகளில் விரித்த பாயில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே சம்மணமிட்டார்கள். வியாபாரம் அதனால் நொடித்துப்போனதாகச் சான்றில்லை.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால், உட்காருவதற்குத் தடையில்லை. ஓய்வுக்காக உட்காருவதற்குத்தான் தடை.

5. சட்டம்

கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடியதன் பேரில் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்குவதில் கேரளம் முந்திக்கொண்டது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தம், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்பது அதன் சாரம்.

இருக்கையைச் சட்டம் கொடுத்துவிட்டது. வாய்ப்பைக் கொடுக்க வேண்டியவர் சூப்பர்வைசர். ஆடித் தள்ளுபடியில் வாய்ப்புக்கே வாய்ப்பில்லை. ஈயாடும் மதியத்தில் வந்தாலும், ‘சும்மாதானே இருக்க, துணியை மடிச்சு வை’ என்ற குரல் கூடவே வரும். மடித்த துணியை எங்கே வைப்பது? ஸ்டூல் காலியாகத்தானே இருக்கிறது!

6. முடிவும் பரிந்துரைகளும்

சூப்பர்வைசரை விரட்டுகிறவர் மேனேஜர். மேனேஜர் அஞ்சுவது நமக்கு. ‘ஆள் வந்தது தெரியாம உக்காந்திருக்கு பாரு’ என்று முணுமுணுப்பது நாம்தானே? துண்டு வாங்கப் போனவர் சம்பந்தி மரியாதையை எதிர்பார்க்கிறார்.

ஆகவே வாசகர்கள் இனி அடிரேக்குச் சரக்கைத் தாராளமாகக் கேட்கலாம், அவசரப்படுத்தக் கூடாது. ஸ்டூலில் இருப்பவர் எழப்போனால், ‘உக்காரும்மா, நான் பார்த்துட்டுக் கூப்பிடறேன்’ என்று சொல்லலாம். உட்கார்ந்து போட்ட பில்லில் ஜி.எஸ்.டி. ஒன்றும் குறைந்துவிடாது.