படகு இருக்கைப் பலகை: தோற்றமும் வளர்ச்சியும் வாஷரும்

விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடல் உண்டு. விழுப்புரத்துக்கு இல்லை, திண்டிவனத்துக்கும் இல்லை. ஆயினும் மரக்காணக் கரைப் படகுகளின் இருக்கையை ஆராய்பவர் இவ்விரு ஊர்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஆய்வாளர் அமரும் நாற்காலிகள் இங்கேதான் உள்ளன.

தொன்மை. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணமே என்றும், அதே நூல் கூறும் கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தில் அடங்கியது என்றும் அறிஞர் கொள்வர். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூலின் சோபட்மாவும் மரக்காணமே என்பார் உளர். அந்நூல் மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கர' என்னும் கலத்தையும் குறிக்கிறது. துறைமுகம் எது என்று மாய்ந்து மாய்ந்து சண்டையிட்டவர்களில் ஒருவராவது, துடுப்புப் போட்டவன் எதன்மேல் உட்கார்ந்தான் என்று கேட்டதுண்டா?

கட்டுமரத்தில் இருக்கை. இல்லை. இயல் முற்றிற்று.

ஃபைபர் படகு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இது கரையெங்கும் பெருகியது. இதன் குறுக்குப் பலகை உட்காருவதற்கே என்பது மேலோட்டமான வாசிப்பு. திறந்த படகின் இரு பக்கமும் விரியாமல் இழுத்துப் பிடிப்பதும் அதுதான். எனவே உளுத்த பலகைகளை ஒரேயடியாகக் கழற்றலாகாது. ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்ட வேண்டும். துளை போட்ட இடத்தில் ரெசின் பூசாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே ஊறும். இரும்பு போல்ட்டு துருவேறி நட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த ஸ்பேனருக்கும் மசியாது.

இனி வாஷர். போல்ட்டின் தலை சிறியது. அலையில் படகு அடிபடும்போது அந்தச் சிறு வட்டத்திலேயே பாரம் முழுதும் இறங்கி ஃபைபரை நொறுக்கும். வாஷர் அதைப் பரப்பிவிடுகிறது. எத்தனை அகலம் என்பதில்தான் ஆய்வுலகம் பிளந்து கிடக்கிறது. அகல வாஷரே அறம் என்பது திண்டிவன மரபு (டீக்கடைப் பெஞ்சு, காலை அமர்வு). கடையில் இருப்பதே போதும் என்பது விழுப்புர மரபு (அதே பெஞ்சு, வடகோடி, மழைக்காலப் பதிப்பு). தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி இரும்புக்கும் ஃபைபருக்கும் நடுவே செருகுவது மரக்காண மரபு (மேற்படி பெஞ்சின் ஆடும் கால் பற்றிய அடிக்குறிப்புக்கு எழுந்த மறுப்புரையின் உரைவிளக்கம், பஜ்ஜி மடித்த தாள், எண்ணெய் பட்டு மூன்று வரி சிதைவு). ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களின் மூலத்தை எழுதியபோது ஃபைபரும் இல்லை, இந்தப் பூசலும் இல்லை. மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார்.

எஞ்சியது ஒரே சிக்கல்: வெட்ட வேண்டியது இடதுகால் செருப்பையா, வலதுகால் செருப்பையா? கள ஆய்வில், மடியில் செருப்பும் கையில் கத்தியுமாகப் பலகையில் குந்தியிருந்த மீனவர் ஒருவரிடம் இதைக் கேட்டோம்.

"எது கரையில ஒதுங்குதோ அதுதான் சார்."

இவ்விடையை ஏற்பதற்கில்லை. அவர் முனைவர் பட்டம் பெறாதவர். தவிர, மேற்கோளும் காட்டவில்லை.